திரும்பி வந்த சட்டி

காமாரியா சமைத்ததைப் பினாங்குத் துறைமுகத்தில் பாதிப் பேர் தின்றிருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. தினமும் காலையில் அவள் கணவன் முகம்மது கனி தோளில் கம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புவான். கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் குழம்புச் சட்டிகள் அடுக்கிய கூடை. அந்தக் கம்பை மலாய்க்காரர்கள் கண்டார் என்பார்கள். சோற்றுக்கும் அதுவே பேராகிவிட்டது. வெல்ட் கீ கரையில் மூட்டை தூக்குகிறவர்கள் குந்தி உட்கார்ந்து தின்றுவிட்டு, "அண்ணே, இன்னைக்குக் கை நல்லா பேசியிருக்கு" என்பார்கள். கனி அதை வீட்டுக்கு வந்து ஒரு சொல் குறையாமல் ஒப்பிப்பான். பேசிய கை காமாரியாவுடையது அல்லவா!

அவள் பினாங்கிலேயே, கம்போங் கோலாம் பக்கத்துச் சந்து ஒன்றில் பிறந்தவள். ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்த கனிக்கு, அவளுடைய பதினாறாம் வயதில் அவளைக் கட்டி வைத்தார்கள். வருஷங்கள் ஓடின, பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் ஆரம்பத்தில் நிறையப் பேசினார்கள், பிறகு பேசுவதை விட்டுவிட்டார்கள். அடுப்பும் கண்டாருமே குடும்பம் என்றாகிவிட்டது.

கனியிடம் ஒரு பெரிய குறை உண்டு. அவனுக்குப் பொய் சொல்ல வராது. வியாபாரிக்கு இப்படி ஒரு வியாதி வரக்கூடாது. "மீன் இன்னைக்கு வந்ததாண்ணே?" என்று யாராவது கேட்டால், "இல்லப்பா, நேத்து சாயங்காலம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவான். கேட்டவன் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, இவ்வளவு வெள்ளந்தியாக இருக்கிறானே என்று அதையே வாங்கித் தின்றுவிட்டுப் போவான். வீட்டில் காமாரியா தலையில் அடித்துக்கொள்வாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மச்சான், அதுவும் பாதியாச் சொல்லுங்க" என்பாள். பாதி சொல்லவும் அவனுக்குத் தெரியாது.

கண்டார் தூக்குகிற வீடுகளில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் இறக்குகிற குழம்பெல்லாம் விற்பனைக்கு. அதில் வீட்டுப் பெண் உப்புப் பார்ப்பதற்கு மேல் கை வைக்கமாட்டாள். கூடை வீட்டுக்கு வரும்போது சட்டியில் எது மிஞ்சியிருக்கிறதோ அதுதான் வீட்டுக்குச் சாப்பாடு. திரும்பு சட்டி என்பார்கள் அதை. அதிலும் ஆண் முதலில், பெண் பிறகு. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, யாரும் கேள்வியும் கேட்கவில்லை. காமாரியாவும் அப்படித்தான் தின்று வளர்ந்தாள், அப்படித்தான் தின்று வாழ்ந்தாள். ஊருக்கே ருசி தெரிந்த தன் சமையலை ஆறிப்போன பிறகே அவள் அறிந்திருந்தாள்.

அவள் அடிவயிற்றில் வலப்பக்கம் ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சம்பழம் அளவில் தட்டுப்பட ஆரம்பித்து, நாலைந்து வருஷத்தில் ஆரஞ்சு அளவுக்கு வந்திருந்தது. வலி கிடையாது. பினாங்கில் வயிற்றில் என்ன வந்தாலும் அதற்கு ஆங்கின் என்று பெயர், அதாவது காற்று. ரோஹானா என்ற மலாய்க்கார பீடான், பிரசவம் பார்க்கிறவள், அடுத்த வரிசை வீட்டில் இருந்தாள். காமாரியா அவளை மாக்சிக் என்பாள், அத்தை என்று அர்த்தம். மாதம் ஒரு தரம் வந்து சூடான எண்ணெய் தேய்த்துத் தடவிவிட்டுப் போவாள். கட்டி கரையவுமில்லை, காமாரியா கவலைப்படவுமில்லை.

ஒரு புதன்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரையில் வேலை நின்றுபோயிற்று. கனி நனைந்த கோழியாகத் திரும்பி வந்தான். சட்டிகள் போனபடியே வந்தன. ராத்திரிக்கு இரண்டு பேரும் தின்றது போக, மீன்சினைக் குழம்பு மட்டும் நிறைய மிச்சம். விலை உயர்ந்த பொருள், கொட்ட மனசு வருமா? மூடி வைத்தாள். மறுநாள் வியாழக்கிழமை. திங்களும் வியாழனும் கனி நோன்பு வைப்பான். சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி குடித்துத் திறப்பான். ஆகவே மதியம் சாப்பிட அவள் ஒருத்திதான். காலைச் சமையல் இருந்த காய்ந்த விறகையெல்லாம் தின்றுவிட்டது, மிச்சமிருந்தது நனைந்த விறகு. குழம்பைச் சுடவைக்கச் சோம்பல்பட்டு, அப்படியே சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றாள். கொஞ்சம் புளித்த வாடை அடித்தது. புளி கூடிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் வயிற்றைக் கலக்கியது. வாந்தியும் போக்குமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் பாய்க்குமாக நடந்தாள். கனி வருவதற்குள் மிச்சக் குழம்பைக் கொட்டி, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவன் கேட்டபோது தலைவலி என்றாள்.

ஏன் மறைத்தாள்? கண்டார்க்காரன் வீட்டில் வாந்தி பேதி என்று வெளியே தெரிந்தால் போதும், காலரா என்று ஊர் கதை கட்டிவிடும். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து லைசென்சைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். கனியிடம் சொல்லலாம்தான். ஆனால் யாராவது "வீட்டுல அக்கா சொகமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவன் அத்தனையையும் அங்கேயே கொட்டிவிடுவான். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து, எப்போதும்போல் விற்பனைக்குச் சமைத்தும் அனுப்பினாள். அது தப்புத்தான். அவள் மேல் எவ்வளவு பரிதாபப்பட்டாலும் அதற்கு நியாயம் சொல்ல முடியாது.

வயிறு சில நாளில் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஆனால் சாயங்காலமானால் உடம்பு சுட்டது. காலையில் விடும், மறுபடி ஏறும். கனி குளிர்காய்ச்சல் என்று கொயினா மாத்திரை வாங்கி வந்தான். காதில் ஓசை கேட்டதுதான் மிச்சம். வாரங்கள் போகப் போக, இத்தனை வருஷம் சாதுவாகக் கிடந்த கட்டி வலிக்க ஆரம்பித்தது. நிமிர்ந்து நின்று அம்மியில் அரைக்க முடியவில்லை. ஆரஞ்சு அளவில் இருந்தது தேங்காய் அளவுக்குப் பெருத்திருந்தது.

ரோஹானா வந்தாள். எண்ணெய்க் கையை வயிற்றில் வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சுடுது லா, காமாரியா. இத்தனை வருஷம் தடவியிருக்கேன், ஒரு நாளும் சுட்டதில்ல. இது ஆங்கின் இல்ல. நான் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போ."

"அங்க அறுத்துருவாங்க, மாக்சிக்."

"அறுக்கட்டும். நான் தடவி நீ செத்தா நான் எங்க போய் நிக்கிறது?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். கனி ரிக்‌ஷா பிடித்து வந்தான்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். உயரமான, சிரிக்க நேரமில்லாத மனுஷி. மலாய் பேசுவார். நுணுக்கமாகக் கேட்க வேண்டியதைத் தமிழ் நர்ஸ் ருக்குமணி கேட்டுச் சொல்வாள். வயிற்றை அழுத்திப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குக் கட்டி இன்னதென்று தெரிந்துவிட்டது. சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி, பழசு. ஆனால் இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னால வாந்தி, போக்கு ஏதாவது இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள் ருக்குமணி.

"இல்ல."

"கெட்டுப்போனது எதையாவது சாப்பிட்டீங்களா?"

"எங்க வீட்டுச் சோறு கெட்டுப்போகாது" என்றாள் காமாரியா. ஜுரத்திலும் அந்த ரோஷம் குறையவில்லை.

ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று குழல் வைத்துக் கேட்டார்கள், அதுவும் இல்லை. காரணம் தெரியாமல் இந்த உடம்பில் கத்தி வைக்க டாக்டரம்மா தயங்கினார். காய்ச்சல் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது. ஒரு சொல் சொன்னால் வழி திறந்துவிடும் என்று காமாரியாவுக்குப் பாதி புரிந்தும் இருந்தது. ஆனால் அந்தச் சொல் வெளியே வந்தால் கண்டார் கீழே இறங்கிவிடும். உயிரா கண்டாரா என்று படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தவள், வேடிக்கையைப் பாருங்கள், கண்டார் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் ருக்குமணி அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க அண்ணன் சின்னையா வெல்ட் கீயிலதான் மூட்டை தூக்குது. உங்க வீட்டுச் சோறுன்னா உயிரு. அது இல்லாட்டி வேலையே ஓடாதுங்கும்."

காமாரியாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. கொல்லைக்குப் போய் வந்த கை, அதே அகப்பை, அதே தண்ணீர்ப் பானை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ருக்குமணி துணியை மாற்றினாள், போர்வையை இழுத்துவிட்டாள், நகரப் போனாள்.

"தங்கச்சி" என்றாள் காமாரியா. "உங்க அண்ணன் சொகமா இருக்காரா?"

"இருக்கே."

"வயிறு ஒண்ணும் செய்யலையே அவருக்கு? போன மாசம், அதுக்கு முந்தி?"

ருக்குமணி நின்றுவிட்டாள். பார்த்தேயிராத ஆளின் வயிற்றைப் பற்றி, எழுந்து உட்காரக்கூட முடியாத ஒருத்தி எதற்காக இவ்வளவு பதறுகிறாள்? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் நல்லா இருக்குக்கா. இப்ப உங்க வயித்தைப் பத்திச் சொல்லுங்க."

காமாரியா அழுதாள். அழுதுகொண்டே சினைக் குழம்பு, நனைந்த விறகு, சாம்பல் போட்டுத் தேய்த்த சட்டி, வெள்ளிக்கிழமைச் சமையல் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "டாக்டரம்மாகிட்ட வேணா சொல்லு. எங்க மச்சான்கிட்ட மட்டும் சொல்லிறாதம்மா. அவரு ஊர் பூரா தண்டோரா போட்டுருவாரு" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து, இந்த முறை வேறு சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வந்ததும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ருக்குமணியை வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். கெட்டுப்போன சாப்பாட்டில் இருந்த கிருமி குடலோடு நிற்கவில்லை. ரத்தத்தில் ஏறி, போகிற வழியில் இந்த நீர்க்கட்டியைக் கண்டு அதற்குள் புகுந்துகொண்டது. உள்ளே இருந்த நீரெல்லாம் இப்போது சீழ். அது வயிற்றுக்குள் உடைந்தால் பிழைக்கவைக்க முடியாது. உடைவதற்குள் முழுசாக எடுத்துவிட வேண்டும். எடுத்தாலும் பிழைப்பாள் என்று உறுதி சொல்வதற்கில்லை. கணவன் சம்மதம் வேண்டும், அதனால் அவனிடம் எதையும் மறைக்க முடியாது.

கனி வந்தான். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான், தலையாட்டினான், சம்மதம் கொடுத்தான். பிறகு மனைவியிடம் வந்தான்.

"வெள்ளிக்கிழமையும் நீதான் சமைச்சியா, புள்ள?"

"ஆமா மச்சான்."

கனி அவள் காலை ஒரு தரம் தொட்டான், விடுவிடுவென்று வெளியே போய்விட்டான். கரைக்குத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷத்துப் பேர், இன்றோடு போயிற்று. கூப்பிட்டுத் தடுக்கச் சக்தி இல்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள், முகத்தில் மயக்க மருந்துத் துணியை வைத்தார்கள். உயிரைவிட அந்தக் கரைதான் அவள் நினைவில் கடைசிவரை நின்றது.

சீழ்க்கட்டி உடையாமல் முழுசாக வந்தது. வயிற்றில் ஒரு ரப்பர்க் குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். அவள் கண் விழித்தபோது கனி பக்கத்தில் முக்காலியில் இருந்தான். உதடு வெடித்துப்போயிருந்தது. எத்தனை நேரமாக ஓதிக்கொண்டிருந்தானோ.

"சொல்லிட்டீங்களா?" என்றாள். அதுதான் அவள் முதல் பேச்சு.

"ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேட்டேன் புள்ள, அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உடம்புக்கு ஏதாவது வந்துச்சான்னு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அல்லா காப்பாத்திட்டான்."

"சொல்லிட்டீங்களான்னு கேட்டேன்."

"கேக்கணும்னா சொல்லத்தானே வேணும்" என்றான் கனி.

அவளுக்குக் கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டாள்.

முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து அடுப்படியைப் பார்த்து, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். லைசென்சைப் பிடுங்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிருமி போய்விட்டது என்று சொல்லும்வரை காமாரியா விற்பனைக்குச் சமைக்கக்கூடாது, பாத்திரத்தைத் தொடவும் கூடாது. வீட்டுக்குப் போகிற அன்று டாக்டரம்மாவும் அதையே சொன்னார். காமாரியா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பிள்ளை பிறக்குமா என்று. ஒரு பக்கத்துச் சினைப்பை இருக்கிறது, ஆனால் நம்பிக்கை வைத்துக் காத்திருக்க வேண்டாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். ரிக்‌ஷாவில் வீடு வரும்வரை காமாரியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். அந்தத் துக்கம் பிறகும் ஆறவில்லை.

வேறு சமையல்காரி வைக்கக் கனிக்கு மனசில்லை. தானே இறங்கினான். காமாரியா அடுப்படி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து வாயால் சமைப்பாள்.

"மஞ்சள் போதும். மச்சான், போதும்னேன்."

"கொஞ்சம்தான் புள்ள போட்டேன்."

"அது கொஞ்சமா? சட்டியைப் பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு."

சில நாள் அடிப்பிடித்தது, சில நாள் உப்பில்லை. கரையில் பாதிக்கு மேல் ஆட்கள் வேறு கண்டாருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வயிறு அவரவருடையது. மிச்சப் பேர் வாங்கித் தின்றார்கள். சட்டியில் மீந்ததை இப்போது கனி வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் கடலில் கொட்டிவிட்டு, சட்டியை அங்கேயே கழுவிக்கொண்டு வருவான்.

மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டு, இனிச் சமைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் காலையில் காமாரியா எழுந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதற்குமேல் நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் கழுவி, அடுப்பு மூட்டினாள். மசாலா வாசனையில் கனி வந்து வாசலில் நின்றான். மீன்சினைக் குழம்பை இறக்கியதும் ஒரு தட்டை எடுத்து, சுடுசோறு போட்டு, முதல் அகப்பைக் குழம்பை அதில் ஊற்றி அவள் முன்னால் வைத்தான்.

"இது விக்கிறதுக்கு, மச்சான்."

"நீ சாப்பிட்டாத்தான் நான் கம்பைத் தூக்குவேன்."

சொன்னால் செய்கிறவன். அவள் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். சுட்டது, காரம் மூக்கில் ஏறியது, சினை நாக்கில் உதிர்ந்தது. தன் கை இப்படியா பேசும் என்று அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே. கண்ணில் நீர் வந்தது. காரம் என்றாள். கனியும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

"கரையில யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அனுப்பினாள். "திடீர்னு நான் சமைக்கிறேன்னு தெரிஞ்சா, இருக்கிற நாலு பேரும் பயந்து ஓடிருவாங்க. யாராவது கேட்டா அப்புறம் சொல்லிக்கலாம்."

அவன் போன பிறகு அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எந்தக் கரை தன் பேரைக் கேட்டு விலகிப்போனதோ அதே கரைக்கு மறுபடி தன் கைச்சோறு போயிருக்கிறது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். மத்தியானம் கனி வந்து கூடையை இறக்கினான். சட்டிகள் கழுவிக் காய்ந்திருந்தன.

"கொட்டினீங்களா?"

"கொட்ட ஒண்ணுமில்ல."

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"நான் வாயே தொறக்கல" என்றான் கனி பெருமையாக. "சின்னையாதான் ஒரு வாய் வச்சான், அப்படியே நிறுத்திட்டான். அப்புறம், 'அக்கா எந்திரிச்சுட்டாங்களாண்ணே'ன்னு கேட்டான். அவன் கேட்டுட்டானே, என்ன செய்ய, ஆமான்னேன். அவன் மத்தவங்களையெல்லாம் கூப்பிட்டான். வேற கண்டார் பக்கம் போனவனெல்லாம் வந்தான்."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'இத்தனை நாளா நீங்க ஆக்குனதையும் நான்தானேண்ணே தின்னேன்' அப்படின்னான்."

காமாரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்து வலித்தது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.